உடம்புச் சூட்டில் செல்போன் சார்ஜா? சும்மா இருங்கப்பா!

மறுபடியும் ஒரு நண்பர் அனுப்பியிருக்கார்: "நானோ தொழில்நுட்பம் வந்தாச்சு, இனி உடம்புச் சூட்டிலேயே செல்போன் சார்ஜ் ஆகும்!" பதினைந்து வருஷத்துக்கும் மேலா இதே பாட்டு. ஆராய்ச்சி மேல எனக்குக் கோபமில்லைங்க, அதை இப்படித் திரிக்கிறவங்க மேலதான்.

விஷயம் என்னவோ அருமையானது. 2008 ஜனவரியில் (டாட்டா நானோ காரைக் காட்டிய அதே மாதம்!) பெர்க்லி, கால்டெக் என்று இரண்டு குழுக்கள் நேச்சர் இதழில் எழுதினார்கள். சாதாரண சிலிக்கான் வெப்பத்தை நன்றாகவே கடத்தும். பெர்க்லிக்காரர்கள் அதையே 50 நானோமீட்டர் தடிமனில், மேற்பரப்பு சொரசொரவென்று இருக்கும் கம்பியாக்கினார்கள். வெப்பக் கடத்தல் சுமார் நூறில் ஒரு பங்காகிவிட்டது. மின்கடத்தல் அவ்வளவாக அடிபடவில்லை. ஏன்? சிலிக்கானில் வெப்பத்தைச் சுமப்பது பெரும்பாலும் போனான் எனும் அணு அதிர்வுகள். எதிலும் முட்டாமல் அவை நூற்றுக்கணக்கான நானோமீட்டர் ஓடும். எலக்ட்ரான் ஓடுவது அதைவிட ரொம்பக் குறைவு. அதனால் கம்பியின் சுவர் போனானைத்தான் மறிக்கும். குறுகலான சந்துல லாரி மாட்டிக்கும், சைக்கிள் போயிடும், அவ்வளவுதான். தெர்மோஎலக்ட்ரிக் தரத்தைச் சொல்லும் இஸட்-டி எண் 0.01 பக்கம் இருந்தது, 0.6 ஆனது. சபாஷ்!

இப்ப கணக்குக்கு வாங்க. உடம்பு 37 டிகிரி, வெளியே 30. கார்னோ விதிப்படி, விஸ்வகர்மாவே வந்து செஞ்சாலும் 310-ல் 7, அதாவது 2.3 சதவீதத்துக்கு மேல் தேறாது. இஸட்-டி 1 என்று தாராளமா வைத்தாலும் அதில் ஆறில் ஒரு பங்குதான் கைக்கு வரும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஆள் வெளியிடுவது சுமார் 100 வாட். தலை முதல் கால் வரை சுத்திக்கிட்டாலும் அரை வாட் கூட வராது. பழைய சார்ஜரே 5 வாட் சாமி! கத்திரி வெயிலில் வெளியிலும் 37-ஐத் தொட்டா அதுவும் பூஜ்யம் :-)

இன்னொன்றை இவங்க சொல்றதே இல்லை. டிரான்சிஸ்டருக்குள் சிலிக்கானை மெலிசாக்க மெலிசாக்க அங்கேயும் போனான் இதே மாதிரி மாட்டிக்குது. சூடு வெளியேற வழியில்லாமல் சிப்பு வேகுது. அந்தத் தலைவலிக்கு மட்டும் யாரும் "நானோ அதிசயம்"னு தலைப்பு போடக் காணோம்.

உடம்புச் சூட்டில் ஓடும் கைக்கடிகாரத்தை சீகோ 1998-லேயே விற்றது. கடிகாரத்துக்கு மைக்ரோவாட் போதும், ஓடுச்சு. அதைப் பத்தி ஏதாவது இருந்தா அனுப்புங்க, சந்தோஷமா படிக்கிறேன்.