கையெழுத்துப் போடுமுன் சொல்லின் வேரைக் கேள்!



மதுரையில் காளவாசலிலிருந்து மாட்டுத்தாவணி வரை சுவர்களைப் பாருங்கள். ‘முப்பது நாளில் இங்கிலீஷ்’ என்றும், ‘ஆயிரம் உயர்தரச் சொற்கள்’ என்றும் விளம்பரம். மில் தொழிலாளி ஓவர்டைம் பார்த்த காசையும், நடவு நட்ட தாய் முந்தானையில் முடிந்து வைத்த பணத்தையும் அங்கே கொண்டுபோய்க் கட்டுகிறார்கள். பிள்ளை படிக்கட்டும் என்ற ஆசை. அந்த ஆசையை நாம் குறை சொல்லவில்லை. அங்கே விற்கிற சரக்கைத்தான் குறை சொல்கிறோம்.

என்ன சரக்கு அது? நீளமான சொல் ஒன்று, எதிரே அர்த்தம் ஒன்று, உருப்போடு! இவற்றைப் பேசுகிறவன் கனவான், பேசாதவன் பட்டிக்காட்டான் என்ற விஷத்தையும் சேர்த்தே விற்கிறார்கள். அந்தச் சொல் எங்கே பிறந்தது, யார் அதைப் பெற்றெடுத்தார்கள், அது யார் முதுகில் விழுந்தது என்ற பேச்சே கிடையாது.

மறுபக்கம் மில் ஆபீசுக்காரர் இருக்கிறார். “உனக்கெதற்கப்பா இங்கிலீஷ்? அறுந்த இழையை ஒட்டு, அது போதும்” என்கிறார். போதுமா? ஒரு சம்பவத்தைக் கேளுங்கள்.

சில வருஷங்களுக்கு முன் நமது பக்கத்து நூற்பாலை ஒன்றில் இருபது வருஷம் உழைத்த தொழிலாளி ஒருவரை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். “பி.எப். காகிதம், கையெழுத்துப் போடு” என்றார்கள். போட்டார். மறு வாரம் கேட்டில் நிறுத்திவிட்டார்கள். நகலை எடுத்துக்கொண்டு நம்மிடம் ஓடிவந்தார். படித்துப் பார்த்தோம். அதில் ‘வாலண்டரி’ என்று ஒரு சொல் இருந்தது. மனவிருப்பம் என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. அதாவது, தம் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையை விட்டுப் போகிறாராம்! யாருடைய விருப்பம்? அவர் விருப்பமா, முதலாளி விருப்பமா? ஒரே ஒரு சொல் தெரியாததால் ஒரு குடும்பத்தின் அடுப்பு அணைந்தது.

ஆகவே சொல்கிறோம்: இங்கிலீஷின் கடினமான சொற்களை நாம் கற்கத்தான் வேண்டும். ஆனால் கனவானாக வேஷம் கட்டுவதற்காக அல்ல. வேரோடு பிடுங்கிப் பார்ப்பதற்காக.

பிடுங்கிப் பார்ப்போமா? ‘ரிட்ரெஞ்ச்மெண்ட்’ என்கிறார்கள். கேட்க எவ்வளவு கௌரவமாக இருக்கிறது! இதன் வேர் பிரெஞ்சு மொழியில் ‘வெட்டி எறிதல்’. வெட்டப்படுவது ஆள். 2020-ல் நிறைவேறிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு என்ன செய்தது? முன்பு 100 தொழிலாளர் உள்ள ஆலையே ஆட்குறைப்புக்குச் சர்க்காரின் அனுமதி கேட்கவேண்டும். அந்த வரம்பை 300 ஆக உயர்த்தினார்கள். கத்திக்கு உறை மாற்றினார்கள். கத்தி அதே கத்திதான்.

‘கிராஜுவிட்டி’ என்பதன் வேர் ‘இனாம்’, ‘அன்பளிப்பு’. முதலாளி மனமிரங்கித் தருகிற பிச்சை என்று பெயரிலேயே எழுதி வைத்தார்கள். தொழிலாளி வர்க்கம் அதை ஏற்கவில்லை. 5 வருஷம் வேலை பார்த்தவருக்கு, ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் என்று 1972-ல் சட்டமே வந்தது. இனாம் உரிமையாயிற்று. பெயர் மட்டும் பழைய பெயராகவே நிற்கிறது. ஆபீசில் கைகட்டி நின்று வாங்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

இங்கிலீஷ் சொல் எல்லாம் துரைமார் செய்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ‘ஸ்ட்ரைக்’ என்ற சொல்லைக் கொடுத்தது யார்? 1768-ல் லண்டன் துறைமுகத்துக் கப்பல் தொழிலாளர்கள். கூலி கட்டுபடியாகவில்லை என்று பாய்களை இறக்கிவிட்டார்கள், கப்பல்கள் நின்றன. பாயை இறக்குவதற்கு அவர்கள் வழங்கிய வார்த்தைதான் ‘ஸ்ட்ரைக்’. அதுவே உலகத் தொழிலாளரின் வார்த்தையாயிற்று.

‘பாய்காட்’டைக் கொடுத்தது யார்? அயர்லாந்து விவசாயிகள். 1880-ல் மேயோ ஜில்லாவில் ஒரு பிரபுவின் நிலங்களுக்கு ஏஜெண்டாக இருந்தவர் காப்டன் பாய்காட். குத்தகையைக் குறைக்கக் கேட்ட குடியானவர்களை வெளியேற்றப் பார்த்தார். ஊர் என்ன செய்தது? கை ஓங்கவில்லை. அறுப்புக்கு ஆள் போகவில்லை. கடைக்காரன் சாமான் கொடுக்கவில்லை. வெளியூரிலிருந்து ஐம்பது ஆட்களை இறக்கி, பட்டாளத்தைக் காவல் வைத்து அறுத்தார்கள். விளைச்சலின் மதிப்பைவிடக் காவலுக்கு ஆன செலவு பல மடங்கு! அந்த வருஷமே காப்டன் ஊரைவிட்டுப் போனார். அவர் பெயர் மட்டும் அகராதியில் அகப்பட்டுக்கொண்டது. சோழவந்தான் வயலில் அரிவாள் பிடிக்கும் தோழனே, இந்த ‘உயர்தரச் சொல்’லைச் செய்தவன் உன் ஜாதி, உழைக்கும் ஜாதி!

நம்மிடமிருந்து போன சொற்களும் உண்டு. கட்டுமரமும், சுருட்டும், மிளகுத்தண்ணீரும் கப்பலேறி இங்கிலீஷாயின. ‘கூலி’யும் போயிற்று. அதன் வேர் தமிழ்க் கூலி என்பாரும் உண்டு. குஜராத்தின் கோலி மக்களின் பெயர் என்பாரும் உண்டு. பண்டிதர்கள் வாதாடட்டும். நாம் பார்க்க வேண்டியது வேறு. நம் மொழியில் கூலி என்பது உழைப்புக்குத் தரும் காசு. துரையின் வாயிலோ ‘கூலி’ என்றால் ஆள்! மண்டபம் முகாம் வழியே இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு நம் ஜனங்களைக் கொண்டுபோனபோது காசைக் குறைத்தான். மனிதனுக்கே காசின் பெயரைச் சூட்டினான்.

‘பரையா’ என்ற சொல்லும் இங்கிலீஷில் இருக்கிறது. பறை என்ற வாத்தியத்திலிருந்து பெயர் பெற்ற மக்களின் பெயர் அது. இங்கிலீஷ் அகராதியில் அதற்கு அர்த்தம், ‘ஒதுக்கப்பட்டவன்’. இந்த இழிவை வெள்ளைக்காரன் கண்டுபிடித்தானா? இல்லை. நம் ஊர் மிராசுதார் வைத்திருந்ததை எடுத்துப் போனான். இதைச் சொல்ல நாம் வெட்கப்படலாம், மறைக்கக் கூடாது.

சொல்லென்றால் வெறும் சொல்தானே என்பவர்கள் உசிலம்பட்டிப் பக்கம் போய்ப் பெருங்காமநல்லூரைக் கேட்கட்டும். ‘கிரிமினல் டிரைப்’ என்ற இரண்டு இங்கிலீஷ் சொற்களை ஒரு சமூகத்தின் நெற்றியில் ஒட்டினார்கள். கைரேகை வைக்க மறுத்த ஜனங்களை 1920 ஏப்ரல் 3-ந் தேதி போலீஸ் சுட்டுத் தள்ளியது. அந்தச் சட்டம் நாடெங்கும் ஒழிய 1952 வரை ஆயிற்று.

“தமிழை விட்டு இங்கிலீஷைத் தூக்குகிறீர்களா?” என்று சிலர் கேட்கக்கூடும். இல்லை ஐயா! ஆலையின் நிலையாணைகளை இங்கிலீஷிலும், பெரும்பாலான தொழிலாளருக்குப் புரியும் மொழியிலும் ஒட்டவேண்டும் என்று 1946-ம் வருஷத்துச் சட்டமே சொல்லிற்று. தமிழில் எழுது என்று கேட்பது நம் உரிமை. இங்கிலீஷில் எழுதியதை அறுத்துப் பார்ப்பது நம் ஆயுதம். இரண்டும் வேண்டும்.

வழி என்ன? புத்தகம் வாங்கவேண்டாம், பீஸ் கட்டவேண்டாம். சங்க ஆபீசில் வாரம் ஒரு நாள் கூடுங்கள். சம்பளச் சீட்டு, மெமோ, பாங்குக் கடன் காகிதம், எதுவானாலும் கொண்டுவாருங்கள். ஐந்து சொல் எடுங்கள். வேர் என்ன, யார் செய்தது, யாரை வெட்டுவது என்று கேளுங்கள். படித்த பிள்ளைகளை உட்கார வைத்து அகராதியைப் புரட்டச் சொல்லுங்கள். பிள்ளைகளும் கற்பார்கள், நீங்களும் கற்பீர்கள்.

புரியாத காகிதத்தில் இனி ஒரு கையெழுத்தும் விழக்கூடாது. ஒரு ரேகையும் பதியக்கூடாது!