குழாய் வறண்டால் முதலில் கை

2020 மே 20 மாலை ஆம்பன் புயல் கொல்கத்தாவைப் புரட்டிப்போட்டது. மரங்கள் சாய்ந்து மின்கம்பிகள் அறுந்தன. தெற்குப் பகுதிகள் பலவற்றில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. மோட்டார் ஓடாமல் மாடித் தொட்டிகள் காலியாயின. கொரோனா காலம், கையைக் கழுவுங்கள் என்று நாடே சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், தண்ணீர் கேட்டு மக்கள் மறியலில் உட்கார்ந்தார்கள்.

இப்படியொரு நாளில் எதை விடலாம், எதை விடவே கூடாது?

குளிக்காமல் அடுக்களைக்குள் நுழையாதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். ஆனால் சில நாள் குளிக்காததால் யாருக்கும் பேதி வராது. மலம் கழித்த கையைக் கழுவாமல் சோறு பிசைந்தால் வரும். பேரிடர் நிவாரணத்துக்கான ஸ்பியர் கையேடு ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் வேண்டும் என்கிறது. ஒரு வாளிக் குளியலில் அது தீர்ந்துவிடும். கைக்கோ ஒரு டம்ளர் போதும். நனைத்து, சோப்பு போட்டு, 20 நொடி தேய்த்து, பிறகு அலச வேண்டும். தேய்க்கும்போது தண்ணீர் தேவையே இல்லை.

அந்த டம்ளர் நீரும் தாரையாக விழ வேண்டும். எல்லோரும் ஒரே வாளியில் கைவிட்டால் ஒருவர் கிருமி அனைவருக்கும் போகும். பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பக்கம் ஆணியால் ஒரு சிறு துளை போடுங்கள். நீர் நிரப்பி மூடியை இறுக்கினால் ஒழுகாது; தளர்த்தினால் மெல்லிய தாரையாக விழும். அதுதான் அன்றைய குழாய். சோப்பு இல்லாவிட்டால் அடுப்புச் சாம்பல் உதவும். சேறோ எண்ணெயோ படிந்த கையில் சானிடைசர் சரியாக வேலை செய்யாது.

உடம்புக்கு ஈரத்துணி போதும்: முகத்தில் தொடங்கி அக்குள், தொடையிடுக்கு, கடைசியில் பாதம். விரலிடுக்குகளை உலர்த்தாவிட்டால் சேற்றுப்புண் வரும். மாதவிடாய்த் துணிக்குரிய சோப்பையும் நீரையும் குறைக்கவே கூடாது. அதை ஒளித்துக் காயவைக்காமல் வெயிலில் போட வேண்டும்.

எந்த நீர் என்பதும் முக்கியம். 1884-ல் ராபர்ட் கோக் காலராக் கிருமியைக் கல்கத்தாவின் ஒரு குளத்து நீரில் கண்டார். மக்கள் குளித்ததும் துவைத்ததும் குடிக்க மொண்டதும் அதே நீர். அதே நகரின் காளிகாட் கோயிலை ஒட்டி ஓடும் ஆதிகங்கை என்ற ஓடையில் இன்று சாக்கடை கலக்கிறது. புனித நீர் என்ற நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனாலும் அதில் வாய் கொப்பளிக்கவோ புண்ணைக் கழுவவோ கூடாது. தெருவைக் கழுவ மாநகராட்சி அனுப்பும் வடிகட்டாத ஹூக்ளி ஆற்று நீரும் அப்படித்தான். அதைக் கழிப்பறைக்கு ஊற்றலாம். காய்ச்சிய நீரோ குளோரின் கலந்த நீரோ வாய்க்கும் புண்ணுக்கும் மட்டும். அதை மூடியுள்ள தனிப் பாத்திரத்தில் வையுங்கள்.

காளிகாட் நடைபாதைகளில் வாழ்பவர்களுக்குப் புயல் வராமலே தினமும் இந்தக் கணக்குதான். புயலுக்குப் பின் வரும் நிவாரணப் பையில் அரிசியும் தார்ப்பாயும் இருக்கின்றன. சோப்பு, நாப்கின், மூடியுள்ள வாளி மூன்றும் அதே பையில், முதல் நாளிலேயே வர வேண்டும்.