மூன்று நிமிடமும் முப்பது நிமிடமும்

சென்ற மாதம் ஒரு ஞாயிறு இரவு எங்கள் வீட்டுக்கு உணவருந்த வந்த நண்பர், தட்டைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "குக்கரிலா பாஸ்தா செய்தீர்கள்?" என்பது. ஆம் என்றோம். "அப்படியானால் இதைப் பாஸ்தா என்று சொல்லாதீர்கள். பாஸ்தாக் கஞ்சி என்று சொல்லுங்கள்" என்றார். சொல்லிவிட்டு இரண்டு முறை கேட்டு வாங்கி உண்டார் என்பது வேறு விஷயம். நண்பர் தேர்ந்த வாசகர். கல்சட்டியையும் விறகடுப்பையும் அம்மியையும் பற்றி நெகிழ வைக்கும் கட்டுரைகள் எழுதியவர். ஆகவே அவர் சொன்னதை வேடிக்கை என்று ஒதுக்கிவிட எங்களால் இயலவில்லை. அவர் விடைபெற்ற பின் பாத்திரம் துலக்கியபடி நாங்கள் இருவரும் பேசிக்கொண்டவற்றைத்தான் இங்கே தொகுத்திருக்கிறோம்.

அவருடைய குற்றச்சாட்டில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று மரபு பற்றியது: பாஸ்தாவை நிறைய உப்பு நீரில் தனியே வேகவைத்து வடித்து, பிறகு சாஸில் சேர்க்க வேண்டும், க்ரீமும் கோழியும் சேர்ப்பது அமெரிக்கர்களின் அத்துமீறல். மற்றொன்று நெறி பற்றியது: விரைவாகச் சமைப்பது சோம்பலின் அடையாளம், உண்பவர் மீது அக்கறை உள்ளவர் மெதுவாகச் சமைப்பார்.

முதலில் மரபு. இத்தாலியில் பாஸ்தாவை வடித்துச் சேர்ப்பதே பெருவழக்கு என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே நாட்டில், அவரையும் பாஸ்தாவும் சேர்ந்த எளிய வீட்டுச் சூப்பில் பாஸ்தா அந்தச் சாற்றிலேயே வேகிறது. தெற்கே பாரி நகரத்தின் 'ஸ்பகெட்டி அல்லஸ்ஸஸ்ஸீனா'வில், வேகாத ஸ்பகெட்டியை நேரே இரும்பு வாணலியில் இட்டு, தக்காளிச் சாற்றைக் கரண்டி கரண்டியாக ஊற்றி, அடிப்பகுதி முறுகும் வரை வேகவிடுகிறார்கள். வடிக்கும் வழக்கம் ஒரு வழி. ஒரே வழி அன்று.

க்ரீம் சேர்ந்த பாஸ்தாவுக்கு உலகெங்கும் வழங்கும் பெயர் 'ஆல்ஃபிரெடோ'. ரோம் நகரத்தில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உணவகம் நடத்திய ஆல்ஃபிரெடோ டி லேலியோவின் பெயர் அது. அவருடைய தட்டில் இருந்தவை ஃபெத்துச்சினே, வெண்ணெய், பார்மசான் சீஸ் ஆகியவை மட்டுமே. க்ரீமும் கோழியும் அமெரிக்காவில் சேர்ந்துகொண்டவை. இதில் நண்பர் சொன்னது சரி. ஆனால் பாஸ்தாவில் க்ரீம் சேர்ப்பதே இத்தாலிக்கு அந்நியம் என்றால் பெல்லெக்ரீனோ அர்த்தூசியை என்ன செய்வது? 1891இல் ஃபிளாரன்ஸில் வெளிவந்து இத்தாலிய வீடுகளின் சமையல் வேதமாக ஆன நூல் அவருடையது. பொலோன்யா முறை மக்கரோனிக்கான குறிப்பின் முடிவில், இன்னும் சுவை வேண்டுவோர் அரைக் குவளை க்ரீம் சேர்க்கலாம் என்று அவரே அனுமதி தருகிறார்.

அர்த்தூசியைப் பற்றி இலக்கிய வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டியது இன்னும் உண்டு. அவர் சமையற்காரர் அல்லர். வணிகர், இலக்கிய ஆர்வலர். கவிஞர் ஊகோ ஃபோஸ்கொலோவின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர். சமையல் நூலை வெளியிடப் பதிப்பாளர் கிடைக்காமல் சொந்தச் செலவில் அச்சிட்டார். 475 குறிப்புகளோடு வந்த முதல் பதிப்பு, வாசகர்களின் கடிதங்களாலும் திருத்தங்களாலும் வளர்ந்து, 1911இல் அவர் இறக்கும் தறுவாயில் 790 குறிப்புகளை எட்டியிருந்தது. பாடபேதங்களைச் சேர்த்துக்கொண்டே வளர்ந்த நூல் அது. குறிப்புகளை அடுப்பில் ஏற்றிச் சோதித்தவர்கள் அவர் வீட்டில் பணியாற்றிய மாரியெத்தா சபத்தீனியும் ஃபிரான்செஸ்கோ ருஃபில்லியும். நூலின் உரிமையை அவ்விருவருக்கே அவர் எழுதி வைத்தார். சமையலைப் பற்றி எழுதும் கையும் சமைக்கும் கையும் வேறு வேறு என்பதை உணர்ந்திருந்த மனிதர். இந்த வேறுபாட்டுக்குப் பிறகு திரும்பி வருவோம்.

இனி எங்கள் சமையல். ஐந்து லிட்டர் குக்கரில் இரண்டு கரண்டி வெண்ணெய், நசுக்கிய பூண்டு ஆறு பல், பொடியாக நறுக்கிய வெங்காயம் ஒன்று. அது வதங்கியதும் எலும்பு நீக்கிய கோழித் தொடைக்கறி கால் கிலோ, கட்டைவிரல் அகலத் துண்டுகளாக. நெஞ்சுக்கறி இதற்கு ஆகாது, நார் நாராகிவிடும். கறி நிறம் மாறியதும் சிறிது நீர் விட்டு அடியைச் சுரண்டிவிட வேண்டும். அங்கே ஒட்டியிருப்பது சுவை, சுரண்டாவிட்டால் அதுவே தீய்ச்சல். பிறகு கால் கிலோ பென்னே, உப்பு, மிளகுத்தூள், பாஸ்தா மூழ்கும் அளவு நீர். ஏறக்குறைய 600 மில்லி. முதல் விசில் வந்ததும் சிம்மில் மூன்று நிமிடம். அணைத்து, ஐந்து நிமிடம் பொறுத்து, எஞ்சிய ஆவியை நீக்கித் திறந்தபின்தான் 100 மில்லி க்ரீமும் துருவிய சீஸும். கிளறியபடி இரண்டு நிமிடம் விட்டால் நீர்த்திருந்த சாறு தானாகவே கெட்டிப்படும். மாவுச்சத்தை வடித்துக் கொட்டாததால் அதுவே க்ரீமையும் சீஸையும் பிரியாமல் பிணைத்து நிறுத்துகிறது. வடிப்பவர்களும் ஒரு குவளை வடிநீரை எடுத்து வைத்துச் சாஸில் ஊற்றுவது இதற்காகத்தான்.

இந்த ஒழுங்குக்கு நாங்கள் வந்து சேர்ந்தது தோல்விகளின் வழியே. முதல் முறை க்ரீமையும் தொடக்கத்திலேயே ஊற்றினோம். அடியில் பழுப்பாகப் பற்றி, மேலே திரிதிரியாகப் பிரிந்து நின்றது. இன்னொரு முறை குக்கரை முக்கால் பங்கு நிரப்பினோம். பாஸ்தாவின் மாவு நுரைத்துப் பொங்கி விசில் வழியே சுவரெங்கும் தெறித்தது. நுரை ஆவித்துளையை அடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணுகையில் இப்போதும் நெஞ்சு திடுக்கிடுகிறது. பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது என்பது அன்று கற்ற பாடம். 1679இல் இலண்டனில் முதல் அழுத்தக் கலத்தைக் காட்டிய தெனி பாப்பேன் என்ற பிரெஞ்சுக்காரர், அதில் பாதுகாப்பு வால்வையும் பொருத்தினார். 1682 ஏப்ரலில் ராயல் சொசைட்டி உறுப்பினர்களுக்கு அக்கலத்தில் சமைத்து விருந்தளிக்கப்பட்டதை ஜான் ஈவ்லின் தம் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். இந்தக் கலம் நேற்று முளைத்த சோம்பேறிக் கருவி அன்று. அறிவாளர்கள் கூடி உண்டு வியந்தது.

நம் வீடுகளில் ஒரு கூடுதல் சிக்கல். மேலைக் குறிப்புகள் அழுத்தத்தில் இருக்கும் நிமிடங்களைக் கணக்கிடுகின்றன. நாம் விசில்களை எண்ணுகிறோம். விசில் காலத்தின் அளவு அன்று. தீ பெரிதானால் விரைந்து வரும், சிறிதானால் வராமலே இருக்கும். பருப்புக்கு அந்த மயக்கம் பொருட்டில்லை. ஏறக்குறைய 120 டிகிரியில் வேகும் பாஸ்தாவுக்கு, ஒரு நிமிடம் கூடினாலே நண்பர் சொன்ன கஞ்சி உறுதி.

இப்போது நெறி பற்றிய கேள்வி. 'மூன்று நிமிடப் பாஸ்தா' என்று குறிப்புகள் கூவுகின்றன. நாங்கள் கடிகாரம் வைத்துப் பார்த்தோம். நறுக்கப் பத்து நிமிடம், வதக்க ஐந்து, ஆவி கூட ஏழு, சிம்மில் மூன்று, காத்திருக்க ஐந்து, க்ரீம் சேர்க்க இரண்டு. ஆக முப்பத்திரண்டு. பெரிய பாத்திரத்தில் நீரைக் கொதிக்கவைத்துப் பாஸ்தாவை வடித்துச் செய்தாலும் ஏறத்தாழ அதே நேரந்தான். அப்படியானால் குக்கர் எதை மிச்சப்படுத்துகிறது?

நேரத்தை அன்று, நிற்பதை. முப்பத்திரண்டு நிமிடங்களில் நடுவே வரும் பதினைந்து நிமிடங்கள் எவரும் அடுப்பைக் கிளற வேண்டியதில்லை, கொதிநீரைத் தூக்கி வடிக்க வேண்டியதில்லை. அருகே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரலாம். காது மட்டும் அங்கே இருந்தால் போதும். எங்கள் இருவரின் தாய்மாரும் வார இதழ்த் தொடர்கதைகளை வாசித்தது அப்படித்தான். முதல் விசிலுக்கும் மூன்றாம் விசிலுக்கும் இடையே ஓர் அத்தியாயம். சமையற்கட்டில் மஞ்சள் விரல்தடம் படிந்த அந்தப் பக்கங்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். குக்கர் வருமுன் அந்த அத்தியாயங்கள் அவர்களுக்கு இரவு பதினொரு மணிக்குப் பிறகுதான் வாய்த்தன. பல இரவுகளில் அதுவும் இல்லை.

ஆகவே 'மூன்று நிமிடம்' என்ற பொய்யின் மீது எங்களுக்கும் சினம் உண்டு. ஆனால் காரணம் வேறு. அந்தப் பொய்யை நம்புகிறவர் பெரும்பாலும் சமைக்காதவர். மூன்று நிமிட வேலைதானே என்று அவர் எண்ணிவிட்டால், மீதி இருபத்தொன்பது நிமிடங்கள் கணக்கில் வராத உழைப்பாகிவிடுகின்றன. அலுவலகத்திலிருந்து எட்டு மணிக்குத் திரும்பியவர் அந்த நிமிடங்களைச் செலவிட்டார் என்பதே மறைந்துபோகிறது. விரைவைப் புகழ்வதும் விரைவைப் பழிப்பதும் இந்த ஓர் இடத்தில் ஒன்றுகூடுகின்றன. சமைத்தவரை இரண்டுமே பார்ப்பதில்லை.

மெதுவான சமையலுக்கு நாங்கள் எதிரிகள் அல்லர். விடுமுறை நாளில் மூன்று மணி நேரம் சிறுதீயில் கறி வேகும் மணத்துக்கு ஈடில்லை என்பதை அறிவோம். ஆனால் அந்த மூன்று மணி நேரத்தை விரும்பித் தருகிறவருக்குத்தான் அது அழகு. அம்மியில் அரைத்த சட்டினியின் சுவையைப் பற்றி நம் மொழியில் எழுதப்பட்ட பக்கங்களில், அரைத்த தோளின் வலி எத்தனை வரிகளில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நம் கட்டுரைகளில் அம்மி மணக்கிறது. அரைத்தவருக்குப் பெரும்பாலும் பெயர்கூட இல்லை. அர்த்தூசியாவது இருவருக்கு உரிமையை எழுதி வைத்தார்.

நண்பரை அடுத்த மாதம் மீண்டும் அழைத்திருக்கிறோம். அவர் சற்று முன்னதாகவே வந்து, தம் கையாலேயே பாஸ்தாவை முறைப்படி வடித்துச் செய்யட்டும் என்று கேட்டுக்கொண்டோம், அவரும் சம்மதித்திருக்கிறார். அவர் அடுப்பருகே நிற்கும் நேரத்தில் நாங்கள் இருவரும் உட்கார்ந்து வாசிக்கப்போகிறோம். உண்டபின் எது பாஸ்தா, எது கஞ்சி என்று பேசலாம். பாத்திரங்களை மூவரும் சேர்ந்தே துலக்குவோம்.