எங்கள் மண்ணின் புழுவை வைத்தே சோதியுங்கள்

மலேசிய வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான மார்டிக்கும் வேளாண் துறைக்கும் கேமரன் மலையின் பிரிஞ்சாங் ரோஜா விவசாயிகளும் தொழிலாளர்களும் முன்வைக்கும் கோரிக்கைச் சாசனம்

செடி வாடினால் நாங்கள் முதலில் உரத்தைத்தான் கூட்டுகிறோம். அதற்கும் தேறாமல் பிடுங்கிப் பார்த்தால், வேரெல்லாம் மணிமணியாக முடிச்சு. வேர்முடிச்சு நூற்புழுவின் வேலை அது. ஒரு பெண் புழு நூற்றுக்கணக்கில் முட்டையிடும். இன்னொரு வகை முடிச்சே போடாது. வேருக்குள் துளைத்துக்கொண்டே போய்ப் பழுப்புப் புண்களை விட்டுச்செல்லும்; அதைப் பலர் வேரழுகல் என்றே நினைத்துவிடுகிறோம்.

இந்தப் புழுக்களைக் கொல்ல மண்ணுக்குப் புகையூட்டப் பயன்பட்ட மெத்தில் புரோமைடை மாண்ட்ரியல் உடன்படிக்கை வளரும் நாடுகளின் வயல்களிலிருந்தும் 2015-க்குள் விலக்கச் சொன்னது. அதைப் போன்ற நஞ்சு மீண்டும் வேண்டாம். இந்த மலை ஓடைத் தண்ணீர் எங்கள் பிள்ளைகளுக்கும் வேண்டும்.

ரோஜாவில் பூவைத் தருவது மேலே ஒட்டிய ரகம். மண்ணோடு போராடுவது கீழேயுள்ள வேர்ச்செடி. ஆகவே எங்கள் முதல் கோரிக்கை: மல்டிஃப்ளோரா, மானெட்டி, நட்டால் பிரையர் போன்ற வேர்ச்செடிகளைப் பிரிஞ்சாங், கம்போங் ராஜா, ரிங்லெட் தோட்டங்களில் எடுத்த புழுக்களைக் கொண்டே சோதியுங்கள். ஐரோப்பாவில் கிடைத்த முடிவு அங்குள்ள புழுவுக்கானது. தொட்டியில் எண்ணி விட்ட புழு, சில வாரங்களில் பெருகியதா குறைந்ததா என்று பாருங்கள். குறைந்தால்தான் அது எதிர்ப்புச் செடி. புழு பெருகியும் இலை பச்சையாக நின்றால் அது தாங்கும் செடி மட்டுமே. அடுத்த நடவுக்கும் பக்கத்துப் பாத்திக்கும் அதுவே புழுவை வளர்த்துக் கொடுக்கும். தாங்கும் செடியை எதிர்ப்புச் செடி என்று எங்களிடம் தராதீர்கள். முடிச்சுப் புழுவுக்கும் புண் புழுவுக்கும் தனித்தனியே சோதனை வேண்டும்.

எங்களில் பலர் தேயிலைத் தோட்டத்து லயங்களில் பிறந்தவர்கள். இலங்கைத் தேயிலை வேரைத் தின்ற புண் புழு, அங்கே அதை ஆராய்ந்த லூஸின் பெயரால் 1960-இல் ‘பிராட்டிலெங்கஸ் லூசி’ ஆனது. தேயிலைக்குக் கிடைத்த அந்தக் கவனம் ரோஜாவுக்கும் கிடைக்கட்டும்.

நாற்றுப் பண்ணைகளில் வேரையும் மண்ணையும் சோதித்துச் சான்று அளித்த பிறகே கன்றுகளை விற்க வேண்டும். முடிவுகளை மலாய், தமிழ், சீன மொழிகளில் அறிவிக்க வேண்டும்.

நில உரிமமும் இதோடு சேர்ந்ததுதான். ரோஜா ஒருமுறை நட்டால் பல ஆண்டுகள் மண்ணில் நிற்கும் செடி. குறுகிய கால உரிமத்தை நம்பி யார் விலை கூடிய ஒட்டுக்கன்றை நடுவார்? குத்தகைக் காலம் செடியின் ஆயுளுக்காவது ஈடாக இருக்கட்டும்.

சோதனைக்கான மண்ணையும் வேரையும் நாங்களே தோண்டித் தருகிறோம். எந்த வாரம் வருகிறீர்கள் என்று சொல்லுங்கள்.