நகரத்தைப் பிடித்தால் அறிவும் கிடைக்குமா?

ஒரு நகரத்தைப் பிடித்தால், எதிரிக்குத் தெரிந்த ஒரு தொழில்நுட்பம் உங்களுக்கு இலவசம். 1991-இல் வெளிவந்த ‘சிவிலைசேஷன்’ கணினி விளையாட்டில் இப்படி ஒரு விதி இருந்தது. சிட் மையரும் புரூஸ் ஷெல்லியும் உருவாக்கிய விளையாட்டு அது. கி.மு. 4000-இல் ஒரே ஓர் ஊரோடு தொடங்குவீர்கள். எழுத்து, சக்கரம், வெடிமருந்து, மின்சாரம் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துக்கொண்டே போகவேண்டும். கடைசியில் உலகம் முழுவதையும் பிடிக்கவேண்டும், அல்லது மற்றவர்களை முந்திக்கொண்டு ஆல்ஃபா சென்டோரிக்கு விண்கலம் அனுப்பவேண்டும். வெற்றிக்கு அப்போது இந்த இரண்டு வழிகள்தாம்.

முப்பது ஆண்டுகள் கடந்து, 2025-இல் ஏழாம் பதிப்பும் வந்துவிட்டது. சில வீடுகளில் அப்பா ஒரு பதிப்பையும் மகள் இன்னொரு பதிப்பையும் ஆடியிருப்பார்கள். ஆடியவர்கள் எல்லாரும் வாதாடும் கேள்வி மட்டும் மாறவில்லை. முதலில் படையெடுப்பதா, ஆராய்ச்சி செய்வதா?

ஆராய்ச்சிக்கு ஆகும் செலவையும் அதன் பலனையும் இந்த விளையாட்டு நன்றாகவே கற்றுத் தருகிறது என்பது என் கருத்து. ஆனால், அறிவு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எப்படிப் போகிறது என்பதைத் தவறாகக் கற்றுத் தருகிறது. இந்த இரண்டாவது பாடம், ஆடும் பிள்ளைகளின் மனத்தில் கேள்வியே இல்லாமல் உட்கார்ந்துவிடுகிறது.

முதலில் நல்ல பாடம். இருபதாவது சுற்றில் ஒரு நூலகம் கட்டினால், அது அந்த நகரத்தின் ஆராய்ச்சியைப் பாதி கூட்டும். அதே நூலகத்தை நூறாவது சுற்றில் கட்டினால் எண்பது சுற்றுகளின் பலன் போய்விட்டது. ஆராய்ச்சி புதிய கட்டடங்களைத் தருகிறது, அவை ஆராய்ச்சியை மேலும் கூட்டுகின்றன. கூட்டுவட்டி என்றால் என்ன என்று வகுப்பறையில் புரியாத பிள்ளைக்கு இங்கே புரிந்துவிடும்.

படையெடுப்புக்கும் ஒரு விலை உண்டு என்பதையும் விளையாட்டு காட்டும். ஐந்தாம் பதிப்பின் ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ விரிவாக்கத்தில், வழக்கமான அளவுள்ள வரைபடத்தில் நீங்கள் நேரடியாக ஆளும் ஒவ்வொரு கூடுதல் நகரமும் எல்லாத் தொழில்நுட்பங்களின் விலையையும் 5 விழுக்காடு ஏற்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தொழில்நுட்பத்தின் விலை 1,000 புள்ளி, உங்களுக்குச் சுற்றுக்கு 100 புள்ளி கிடைக்கிறது என்றால் 10 சுற்றில் முடியும். ஒரு நகரத்தைப் பிடிக்கிறீர்கள். சண்டையில் பாதி அழிந்த அந்த நகரம் சுற்றுக்கு 3 புள்ளிதான் தருகிறது. இப்போது விலை 1,050, வரவு 103. முன்பைவிட நீங்கள் மெதுவாகிவிட்டீர்கள்.

அதனால் கைதேர்ந்தவர்கள் இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. அதே ஐந்தாம் பதிப்பில் நகரங்கள் இரண்டு கட்டம்வரைதான் சுடும். டைனமைட்டைக் கண்டுபிடித்தவுடன் கிடைக்கும் பீரங்கி மூன்று கட்டம் சுடும். மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு டைனமைட்டை நோக்கி ஓடி, எதிரி விழித்துக்கொள்வதற்குள் நான்கைந்து நகரங்களைத் தள்ளிவிடுவது பலருக்கும் பிடித்த ஆட்டம். ஒரு கட்டம் கூடுதலாகச் சுடமுடிவது ஒரு நாட்டின் தலைவிதியை மாற்றும் என்பதில் வரலாற்று உண்மை கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது.

இனி அந்த இலவச விதிக்கு வருவோம். பின்வந்த பதிப்புகள் இதில் தடுமாறின. இரண்டாம் பதிப்பு அதை வைத்துக்கொண்டது. ஐந்தாம் பதிப்பு பொதுவிதியாக வைக்காமல், அசிரிய நாட்டுக்கு மட்டும் தனிச்சலுகையாகக் கொடுத்தது. விளையாட்டு வல்லுநர்கள் இதையெல்லாம் சமநிலைக்காகச் செய்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும், ‘நகரம் விழுந்தால் அறிவு கைமாறும்’ என்பது அறிவைப் பற்றிய ஒரு கருத்து. கருவூலத்துப் பொன்போல அது ஊருக்குள் ஓர் இடத்தில் குவிந்து கிடக்கிறது, பூட்டை உடைத்தால் எடுத்துக்கொள்ளலாம் என்று அது சொல்கிறது.

ராஜேந்திர சோழனை எடுத்துக்கொள்வோம். ஏழாம் பதிப்பில் சோழர்கள் ஆடக்கூடிய நாடாக வந்ததில் நம் இளைஞர்கள் பலருக்கும் மகிழ்ச்சி. 1025-இல் அவன் படை கடாரம்வரை, அதாவது இன்றைய கெடாவரை வந்தது. பிடித்த ஊர்களின் பெயர்களையும், கொண்டுபோன யானைகள், செல்வம், வித்தியாதர தோரணம், மணிகள் பதித்த வாயில்கள் ஆகியவற்றையும் மெய்க்கீர்த்தி பெருமையாகப் பட்டியலிடுகிறது. அந்தப் பட்டியலில் ஒரு தொழில்நுட்பமும் இல்லை!

போரில் அறிவு கைமாறியதே இல்லை என்று சொல்லவரவில்லை. 1592 முதல் 1598 வரை ஜப்பானியப் படைகள் கொரியாவில் போரிட்டன. கொரியாவை அவர்களால் வைத்துக்கொள்ள முடியவில்லை, திரும்பிப் போனார்கள். போகும்போது குயவர்களைக் குடும்பம் குடும்பமாகக் கொண்டுபோனார்கள். அவர்களில் ஒருவரான யி சாம்பியோங், கியூஷூ தீவின் அரித்தாவில் பீங்கானுக்கு ஏற்ற கல்லைக் கண்டுபிடித்தவராக இன்றும் போற்றப்படுகிறார். 1610-களில் அங்கே தொடங்கிய பீங்கான் தொழில், அடுத்த அரை நூற்றாண்டுக்குள் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. விளையாட்டின் கணக்கில் ஜப்பான் தோற்றுவிட்டது, ஒரு நகரமும் கையில் இல்லை. ஆனால் தொழில்நுட்பம் வந்துவிட்டது. ஏனென்றால் அது குயவர்களின் விரல்களில் இருந்தது, சுவருக்குள் இல்லை.

ஜெர்மன் ராக்கெட் கதையும் அப்படித்தான். 1945-இல் அமெரிக்கர்களுக்கு வி-2 ராக்கெட்டின் பாகங்களும் வரைபடங்களும் கிடைத்தன. அதோடு நிற்காமல் வெர்னர் வான் பிரவுனையும் அவர் குழுவையும் அழைத்துக்கொண்டார்கள். சோவியத் அரசு 1946 அக்டோபரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஜெர்மன் நிபுணர்களை ரயிலேற்றியது. அப்படியிருந்தும் 1957-இல் ஸ்புட்னிக்கை அனுப்பியது கொரோலியோவின் உள்நாட்டுக் குழு.

நமக்கு மிக நெருக்கமான சான்று பால்மரம். 2001-இல் வந்த மூன்றாம் பதிப்பில் ரப்பர் ஒரு முக்கிய வளம். குறிப்பிட்ட ஒரு தொழில்நுட்பத்தைக் கண்டுபிடித்தவுடன் வரைபடத்தில் ரப்பர் இருக்கும் கட்டங்கள் கண்ணுக்குத் தெரியும். உங்கள் எல்லைக்குள் இல்லையென்றால் வாங்கவேண்டும், அல்லது படையெடுத்துப் பிடிக்கவேண்டும். அந்தக் கட்டத்திலிருந்து ஒரு விதையை எடுத்துவந்து உங்கள் நிலத்தில் நட விளையாட்டில் வழியே கிடையாது.

நடந்தது என்ன? 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுபோனார். முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. 1877-இல் அவற்றில் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. சில இங்கேயும் சில பேராக்கின் கோலகங்சாரிலும் நடப்பட்டன. பிரேசில்மீது ஒரு குண்டுகூடச் சுடவில்லை.

ஆனால் மரம் வந்தால் மட்டும் போதுமா? பிரேசில் காட்டில் சிறு கோடரியால் பட்டையைக் கொத்திப் பால் எடுத்தார்கள். மரம் காயப்பட்டுப் பலன் குறையும். 1888-இல் சிங்கப்பூர்ப் பூமலையின் பொறுப்பாளராக வந்த ஹென்றி ரிட்லி, அங்கே வளர்ந்திருந்த மரங்களை வைத்துப் பல ஆண்டுகள் சோதித்தார். அதே வெட்டுவாயில் மெல்லிய சீவலாகச் சீவினால், உள்ளிருக்கும் வளர்திசுவைத் தொடாமல் திரும்பத் திரும்பப் பால் எடுக்கலாம் என்று காட்டினார். தோட்ட முதலாளிகளுக்கு அப்போது காப்பியில்தான் கண். சட்டைப் பையில் விதையை வைத்துக்கொண்டு பார்ப்பவரிடமெல்லாம் நடச் சொன்னதால் அவருக்குப் ‘பைத்தியக்கார ரிட்லி’ என்று பட்டப்பெயர். 1896-இல் மலாக்காவில் டான் சே யான் வணிக அளவில் நட்டார். பிறகு காப்பி விலை விழுந்தது, மோட்டார் வண்டி வந்தது. முதல் உலகப் போர் தொடங்கிய காலத்தில் தோட்ட ரப்பர் பிரேசிலின் காட்டு ரப்பரை மிஞ்சிவிட்டது.

நம் பாட்டன் பாட்டிமார் விடியற்காலையில் உளியும் மங்குமாகப் போய்ச் சீவியது அந்தப் பூமலைச் சோதனையில் தேறிய முறையில்தான்.

இதற்கு நேர் எதிர்க் கதையும் உண்டு. ஹென்றி ஃபோர்டு 1928-இல் பிரேசிலிலேயே, அமேசான் காட்டுக்குள், ‘ஃபோர்ட்லாண்டியா’ என்ற தோட்ட நகரத்தைத் தொடங்கினார். விளையாட்டு மொழியில் ரப்பர் கட்டமே அவர் கையில். பணத்துக்கும் குறைவில்லை. ஆனால் அந்த மண்ணிலேயே பிறந்த ஒரு பூஞ்சை, நெருக்கமாக நட்ட மரங்களின் இலைகளைத் தின்று தீர்த்தது. காட்டில் மரங்கள் தள்ளித் தள்ளி நிற்பதால் அந்த நோய் அவ்வளவாகப் பரவுவதில்லை. வேறு தோட்டமும் போட்டுப் பார்த்தார்கள். 1945-இல் எல்லாவற்றையும் பிரேசில் அரசிடம் விட்டுவிட்டுப் போனது ஃபோர்டு நிறுவனம். இங்கே வந்த கன்றுகளோடு அந்தப் பூஞ்சை வரவில்லை என்பது நமக்கு வாய்த்த அதிர்ஷ்டம்.

ரப்பர் கதையில் படையெடுப்பே இல்லை என்று முடித்தால் அது பொய்யாகிவிடும். 1874-இன் பங்கோர் ஒப்பந்தத்துக்குப் பிறகு மலாய் மாநிலங்கள் ஒவ்வொன்றாக பிரிட்டிஷ் பிடிக்குள் வந்தன. நிலம் அப்படிக் கிடைத்தது. கங்காணிகள்வழி தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து ஆட்கள் கிடைத்தார்கள். அதிகாரம் தந்தது நிலத்தையும் உழைப்பையும். மரத்தை எப்படிச் சீவுவது என்ற அறிவு, ஒரு தோட்டத்தில் ஆண்டுக்கணக்கில் மரத்தடியில் நின்றதால் வந்தது. விளையாட்டு இந்த இரண்டையும் ஒரே கணக்கில் எழுதிவிடுகிறது. லயத்தில் வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகளாவது இதைப் பிரித்துப் பார்க்கவேண்டாமா?

எனக்குள்ள இன்னொரு குறை வரிசையைப் பற்றியது. விளையாட்டில் ‘மின்சாரம்’ என்பதைச் சொடுக்கினால் 14 சுற்று என்று காட்டும். ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் வரியை ஏற்றினால் 9 சுற்று என்று குறையும். என்ன கிடைக்கப்போகிறது என்று கண்டுபிடிக்கும் முன்பே தெரியும். ரிட்லி சோதனையைத் தொடங்கியபோது மோட்டார் வண்டிச் சக்கரத்துக்காக என்று எந்த வரிசையிலும் அவர் எழுதியிருக்க முடியாது.

இது விளையாட்டோடு நின்றால் பரவாயில்லை. சிங்கப்பூர் 2021 முதல் 2025 வரையிலான ஆராய்ச்சித் திட்டத்துக்கு 25 பில்லியன் வெள்ளி ஒதுக்கியது. மலேசியா 2030-க்குள் ஆராய்ச்சிச் செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3.5 விழுக்காடாக உயர்த்த இலக்கு வைத்திருக்கிறது. இவ்வளவு பணம் போகும்போது எத்தனை சுற்றில் என்ன கிடைக்கும் என்று கேட்பது இயல்பு. வரி கட்டுபவருக்கு அந்த உரிமையும் உண்டு. ஆனால் பெயர் சொல்லக்கூடிய பலனுக்கு மட்டும் பணம் என்று வைத்தால், 1890-களின் பூமலையில் அந்த மரங்களை வெட்டிவிட்டு வேறு ஏதாவது நட்டிருப்பார்கள்.

இதைச் சரியாகச் செய்ய முயன்ற பதிப்புகளும் உண்டு. 1999-இல் வந்த ‘ஆல்ஃபா சென்டோரி’யில் குறிப்பிட்ட தொழில்நுட்பத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. தேடல், அறிவு, கட்டுமானம், வெற்றி என்று ஒரு திசையை மட்டும் காட்டலாம், வருவது வரும். இது பிடிக்காதவர்கள் அந்த விதியை நிறுத்திவிட்டு ஆட வசதியும் உண்டு. 2016-இன் ஆறாம் பதிப்பில் கடலோரத்தில் ஊர் அமைத்தால் கப்பலோட்டும் கலையில் பாதி தானாகக் கைவரும். செய்து பார்த்தால் அறிவு வரும் என்ற அந்த விதி எனக்கு மிகவும் பிடித்தது.

பள்ளிக் கணினிக் கழகங்களுக்கு ஒரு யோசனை. டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழக மாணவர்கள் 1990-களின் நடுவில் தொடங்கிய ‘ஃப்ரீசிவ்’ என்ற விளையாட்டு இலவசம். அதன் விதிகள் சாதாரண எழுத்துக் கோப்புகளில் இருக்கின்றன, யாரும் திறந்து மாற்றலாம். தூதரகம் வைத்துள்ள அண்டை நாடுகளுக்கு ஏற்கெனவே தெரிந்த தொழில்நுட்பம் நமக்கு மலிவாகும் என்ற ‘கசிவு’ விதியும் அதில் உண்டு. நகரத்தைப் பிடித்தால் தொழில்நுட்பம் கிடைக்கும் என்று வைத்து ஒரு தவணை ஆடட்டும். அதை நீக்கிவிட்டுக் கசிவை மட்டும் வைத்து அடுத்த தவணை ஆடட்டும். இரண்டிலும் எந்தச் சுற்றில் முதல் போர் வந்தது, எத்தனை தூதரகங்கள் திறந்தன என்று மாணவர்களே எண்ணி எழுதி வைக்கட்டும்.