குரலைக் கேட்ட பின் சுருதி

மேல்நாட்டு இசை நாடகத்தில் ஒரு பாத்திரத்தின் பாட்டு எந்த ஸ்தானத்தில் இயற்றப்பட்டதோ பெரும்பாலும் அங்கேயே பாடப்பட வேண்டியிருப்பதால், சாரீரங்களைச் சோப்ரானோ, மெஸ்ஸோ, ஆல்ட்டோ, டெனர், பாரிட்டோன், பாஸ் என்று இனம் பிரித்து, இன்ன குரலுக்கு இன்ன பாத்திரம் என்று வகுத்துக்கொள்வது அவர்களுக்கு இன்றியமையாத ஏற்பாடாயிற்று. நமது சங்கீதத்திலோ, பாடுகிறவர் ஷட்ஜத்தை எங்கே வைத்துக்கொள்கிறாரோ அங்கே கிருதி வந்து சேர்ந்துவிடுகிறது. இத்தகைய சுதந்திரம் கைவசம் இருந்தும், ஆண் என்றால் 1 கட்டை, பெண் என்றால் 5 கட்டை என்று, சிஷ்யரின் குரலைக் கேட்கும் முன்பே சுருதிப்பெட்டியைத் திறந்துவிடும் பழக்கம் நம் ஆசிரியர்களிடையே வேரூன்றியிருப்பது வருந்தத்தக்கது.

5 கட்டையில் பாடும் பெண்ணுக்கு ஆதார ஷட்ஜம் வினாடிக்குச் சுமார் 196 அதிர்வுகள்; மந்தர பஞ்சமம் 147. பெண் குரல்களில் மிகக் கனத்ததான ஆல்ட்டோவுக்கே மேல்நாட்டார் கீழெல்லையைச் சுமார் 175இல் வைக்கிறார்கள் என்பதை நினைத்தால், இயற்கையிலேயே மெல்லிய உயர்ந்த சாரீரம் வாய்த்த ஒரு சிறுமி அந்தப் பஞ்சமத்தில் வெறுங்காற்றாக ஒலிப்பதில் வியப்பில்லை. அவளுக்குச் சாரீர வளமில்லை என்று நாம் தீர்ப்புச் சொல்வதுதான் அநியாயம். அரைக் கட்டையோ ஒரு கட்டையோ உயர்த்திப் பார்த்தால் அதே குரல் ஜீவனோடு பேசக்கூடும்.

ஒரு ஸ்வரத்தை எப்படியோ எட்டிவிடுவது வேறு, அதில் நின்று பாடுவது வேறு. தார காந்தாரத்தை அசைத்துப் பாட வேண்டிய ராகத்தில் குரல் மத்தியமத்தையும் தொட்டாக வேண்டுமாதலால், காந்தாரம் வரை மட்டுமே எட்டும் சாரீரத்துக்கு அந்தக் காந்தாரமும் உண்மையில் சொந்தமில்லை. எனவே பரீட்சை செய்யும்போது, தூங்கி எழுந்த கனத்த குரலில் அல்லாமல், சற்றே பாடிப் பதப்பட்ட பின், விளம்ப காலத்தில் அகாரமாக இறங்கியும் ஏறியும் பாடச் சொல்லி, கீழே நாதம் எங்கே தேய்கிறது, மேலே கழுத்து நரம்பு எங்கே புடைக்கிறது, இடையில் குரலின் குணம் எங்கே மாறுகிறது என்று மூன்றையும் கவனித்தல் வேண்டும்.

மகரக்கட்டு உடையும் பருவத்துப் பையன்கள் விஷயத்தில் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். குரல்வளையும் குரல் நாண்களும் விரைந்து வளர்ந்து, சாரீரம் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்கும் அக்காலத்தில், பழைய சுருதியை விடாமல் தார ஸ்தாயியில் கத்த வைப்பதும், கள்ளத் தொண்டையால் ஒப்பேற்ற அனுமதிப்பதும் பெருந்தீங்கு. சுருதியைச் சிறிது சிறிதாக இறக்கி, உரத்த சாதகத்தைக் குறைத்து, தாளத்திலும் கேள்வி ஞானத்திலும் அவனை ஈடுபடுத்தினால், படிப்பு தடைப்படாது. பெண் குழந்தைகளுக்கும் மாறுதல் உண்டு, ஆனால் அது சொற்பம்.

நாடக மேடைப் பாடகர் எஸ். ஜி. கிட்டப்பாவின் காலத்தில் கொட்டகையின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பாட உயர்ந்த சுருதி தேவைப்பட்டது. ஒலிபெருக்கி வந்த பின் அந்த நிர்ப்பந்தம் இல்லை. இன்று குழுவாகக் கற்பிப்போர் வயதையும் பாடத்தையும் மட்டும் பார்த்து வகுப்புப் பிரிக்காமல் சுருதியையும் பார்த்துப் பிரிக்கலாம். வளரும் பிள்ளைகளின் சுருதியை ஆண்டுக்கு இருமுறையேனும் மறுபடி சோதித்து, குறிப்பேட்டில் எழுதி வைக்கலாம்.