தமிழ்ச் செய்திக்கும் எழுத்து வேண்டும்

நம் தொலைக்காட்சியின் தமிழ்ச் செய்தியில் தலைப்பு வரிகள் ஓடுகின்றன. வாசிப்பவர் சொல்லும் முழுச் செய்தியும் எழுத்தாக வருவதில்லை. காது மந்தமான பெரியவர்கள் சத்தத்தைக் கூட்டிவைத்து, பாதியை ஊகித்துக்கொள்கிறார்கள். இத்தனைக்கும் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்த பலர் நாளிதழை வரி விடாமல் வாசிப்பவர்கள்.

பிறவியிலேயே செவித்திறன் இல்லாத இளையோரின் நிலை வேறு. சிறப்புப் பள்ளிகளில் அவர்களில் பெரும்பாலோர் கற்றது மலாயும் சைகை மொழியும்தான். தமிழ்ப் படங்களுக்கு வரும் மலாய் வசன வரிகள் அவர்களுக்குக் கைகொடுக்கின்றன. ஆகவே செய்திக்கு இரண்டு மொழியிலும் எழுத்து தேவை. வேண்டிய மொழியை வீட்டிலேயே தேர்ந்தெடுக்க, 2019-இல் நாடு முழுமையாக மாறிய இலக்கவியல் ஒளிபரப்பு இடம் தருகிறது.

செலவாகும் என்பார்கள். செய்தி வாசிப்பவரின் கண்முன் ஓடும் பிரதி ஏற்கெனவே எழுத்தில்தானே இருக்கிறது? அதைத் திரைக்கு அனுப்ப செயற்கை நுண்ணறிவுகூடத் தேவையில்லை. மலாயும் ஆங்கிலமும் கலந்து நாம் பேசும் நேர்காணல்களில்தான் கணினி தடுமாறும். அங்கே திருத்துவதற்குத் தமிழ் தெரிந்த ஆள் வேண்டும்.

பார்வையற்றோருக்கோ சில இடங்களில் தொழில்நுட்பமே வேண்டாம். 'திரையில் தெரியும் எண்ணுக்கு அழையுங்கள்' என்று சொல்லி நிறுத்தாமல், அந்த எண்ணை வாய்விட்டுப் படித்தால் போதும்.

2008-ஆம் ஆண்டு உடற்பேறு குறைந்தோர் சட்டத்தின் 30-ஆவது பிரிவு, தகவல் பெறுவதில் சம உரிமை தருகிறது. மீறினால் தண்டனை இல்லை என்பதே அதன் பலவீனம். சட்டம் திருத்தப்படும்வரை காத்திராமல், இரவுச் செய்தியில் இதைத் தொடங்கலாம்.